சிஸ்டரக்கா பதில்கள்: "தைரியமா இருங்கன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?"

போன இதழ்ல தசைச்சிதைவு நோய் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தன கடுதாசி வரும்னு நினைக்கல. எல்லாம் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்துதான். பேரு போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன், ஊரையும் ரெண்டு பேருக்கு மாத்திட்டேன்.

காவேரிப்பட்டணம் வாசகி: சிஸ்டரக்கா, என் அக்கா பையனுக்கு ஒம்போது வயசு. ஓடும்போது விழுந்துட்டே இருந்தான், பெங்களூருக்கு கூட்டிட்டு போய் ஜீன் டெஸ்ட் எடுத்ததுல டூஷேன்ங்கற வகை தசைச்சிதைவுன்னு வந்திருக்கு, முழுசா குணமாக்க மருந்து இல்லன்னுட்டாங்க. அக்காவ கட்டினது எங்க அத்தை பையனுக்குதான், இப்ப அந்த அத்தையே "உன் வயித்துல கோளாறு"ங்கறாங்க, ஊர்ல "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்"ங்கறாங்க. அக்கா வீட்டுக்கு போனா என்ன பேசறதுன்னே தெரியாம நான் போறதையே குறைச்சுட்டேன். எனக்கு மாப்பிள்ளை வேற பாக்கறாங்க.

பதில்: முதல்ல அத்தைக்கும் ஊருக்கும் சேர்த்து பதில் சொல்லிடறேன் ம்மா. டூஷேன் சொந்தத்துல கட்டினதால வர்றதில்ல. ஒரு ஜீன்ல உண்டாகற மாற்றத்தால வருது, அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையனுக்கு அப்பாகிட்ட இருந்து வர்றது ஒய், எக்ஸ் அம்மாகிட்ட இருந்துதான் வரும், அதனால உங்க மாமா அத்தை பையனா இருந்தாலும் யாரோ அசலா இருந்தாலும் இதுல ஒண்ணும் மாறியிருக்காது. சரி அப்ப அம்மாதான் காரணமான்னா அதுவும் இல்ல, சுமார் மூணுல ஒரு குழந்தைக்கு அம்மாகிட்ட அந்த மாற்றமே இருக்காது, குழந்தைக்கு புதுசா உண்டானதா இருக்கும். அம்மாகிட்ட இருந்தாலும் அவ தெரிஞ்சா கொடுத்தா? கண்ணு நிறம் கொடுத்த மாதிரிதான் அதுவும். (இதப் படிச்சுட்டு சொந்தத்துல கட்டலாம்னு சிஸ்டரே சொல்லிட்டாங்கன்னு கிளம்பிடாதீங்க, தலசீமியாங்கற ரத்த நோய், எஸ்எம்ஏங்கற நரம்பு-தசை நோய் மாதிரி நோய்ங்க சொந்தத்துல கட்டினா வர வாய்ப்பு கூடத்தான் செய்யும்.)

இப்ப உன் விஷயம். உங்கக்காவுக்கு அந்த ஜீன் மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளு. அவளுக்கு இருந்தா உனக்கும் இருக்க வாய்ப்பு இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ, பிள்ளை பெத்துக்கறதுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சலிங் (பரம்பரை நோய் ஆலோசனை) போயிட்டு வா. பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இத போய் பேசறதான்னு வீட்ல வாய அடைப்பாங்க, நீ பேசு. அக்காவுக்கு இருக்குன்னு தெரிஞ்சா அவ இதயத்தையும் டாக்டர்கிட்ட காட்டணும், அந்த மாற்றத்த சுமக்கற, அதாவது கேரியரா இருக்கற பொம்பளைங்கள்ல சிலருக்கு இதயத் தசை பலவீனம் வரும், பிள்ளைய பாக்கற அவசரத்துல யாரும் அவங்கள பாக்கறதில்ல.

அடுத்து, போனா என்ன பேசறதுன்னு கேட்டிருக்க. எதுவும் பேச வேண்டாம் ம்மா, போய் வேலைய செய். நான் பென்னாகரம் பக்கம் கிராம நர்ஸா இருந்த காலத்துல இதே மாதிரி ஒரு வீட்டுக்கு போயி பத்து நிமிஷம் உக்காந்து "தைரியமா இருங்க"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டேன், அடுத்த மாசம் போறப்ப அந்தம்மா களி கிண்டிட்டே திரும்பிக் கூட பாக்காம "தைரியம்னு சொன்னீங்களே சிஸ்டர், அது எந்தக் கடையில கிடைக்குது"ன்னு கேட்டாங்க. இருபது வருஷம் ஆச்சு, இன்னும் காதுலயே இருக்கு.

அதனால ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் பையன் உன் பொறுப்பு, அக்கா தூங்கட்டும் இல்ல சந்தைக்கு போகட்டும். அவன எப்படி தூக்கறது, கக்கத்துல கை போட்டு இழுக்காம எப்படி எழுப்பறதுன்னு பிசியோகிட்ட ஒரு தடவை நீயும் நின்னு கத்துக்கோ. கணுக்கால் இறுகாம இருக்க தினமும் நீட்டி மடக்கற பயிற்சி இருக்கு, அத ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ செய். வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செஞ்சா கால் பலம் வந்துடும்னு மாமாக்காரன் யாராவது அவன மாடிப்படி ஏத்தி இறக்கினா தடுத்துடு, அந்த தசைக்கு அது கெடுதல். ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருப்பாங்க, நடக்கற காலத்த அது கொஞ்சம் நீட்டிக்கும், முகம் உப்புதுன்னு திடீர்னு நிறுத்திட்டா உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரையால எலும்பும் மெலிசாகும், அதனால எண்ணெய் போட்டு முறுக்கி எடுக்கற வைத்தியர்கிட்ட கொண்டு போக வேண்டாம். நாளைக்கு பல்லு புடுங்கவோ குடலிறக்க ஆபரேஷனுக்கோ மயக்க மருந்து குடுக்கறாங்கன்னா டூஷேன்னு முன்கூட்டியே சொல்லியே ஆகணும், சில மயக்க மருந்து இந்த பிள்ளைங்களுக்கு ஆகாது. இத ஒரு அட்டையில எழுதி பையன் ஸ்கூல் பைல வச்சுடு.

அப்புறம் ஆபீஸ் அலைச்சல். அக்கா கலெக்டர் ஆபீஸ் போனா பையன யார் பாக்கறது, அதனாலயே பாதி பேர் எதுவும் வாங்கறதில்ல. நீ போ. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கு, அது வந்தாதான் மத்ததெல்லாம். 2016 சட்டத்துல இருக்கற 21 வகை மாற்றுத்திறன்ல தசைச்சிதைவும் ஒண்ணு. மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, நடக்க முடியாம போற நிலை வந்தா பேட்டரி வீல்சேருக்கும் அங்கயே மனு போடலாம். ஆபீஸ்ல இழுத்தடிச்சா திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுத்து ரசீது வாங்கிக்கோ, ரசீது இல்லாம வீட்டுக்கு வராத.

இன்னொண்ணு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ம் தேதி ஆரம்பிச்சதே உங்க மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான், சுகர் பிரஷர் மாத்திரை குடுக்க வர்றவங்கன்னு மட்டும் நினைச்சுட்டு இருக்கோம், வீட்டுக்கே வர்ற பிசியோவும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை நர்ஸும் அதுல உண்டு. பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) பையன் பேர பதிஞ்சு வை. ஆதரவு சிகிச்சைன்னதும் கடைசி நாள்னு பயப்படுவாங்க. குழந்தைங்களுக்கு அது நோய் தெரிஞ்ச நாள்ல இருந்தே தொடங்கணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஸ்டீராய்டும் பிசியோவும் ஒரு பக்கம் ஓடும்போதே இதுவும் கூட ஓடும்.

பாலக்கோடு வாசகர்: பையனுக்கு பதிமூணு. ரெண்டு வருஷமா நடக்கல. தக்காளி மண்டில இருந்து ராத்திரி வீட்டுக்கு வந்தா முழிச்சுட்டே இருக்கான். போன வாரம் "அப்பா நான் செத்துடுவேனா"ன்னு கேட்டான். "அப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னு அதட்டிட்டேன். அன்னைலேர்ந்து அவன் என்கிட்ட சரியா பேசறதில்ல.

பதில்: தம்பி, அதட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன், நெஞ்சு அடைச்சா வார்த்த அப்படித்தான் வரும். ஆனா இன்னைக்கு ராத்திரியே போய் "அன்னைக்கு நீ கேட்டப்ப அப்பாவுக்கு பயமாயிடுச்சு, அதான் கத்திட்டேன், இப்ப கேளு"ன்னு சொல்லுங்க. பதிமூணு வயசு பையன் கையில போன் இருக்கும், நோய் பேர தட்டிப் பாத்திருப்பான், அவனுக்கு தெரியாததில்ல, நீங்க அழுதுடுவீங்களேன்னு அவன் மூடி வச்சிருக்கான், அவன் அழுதுடுவானேன்னு நீங்க மூடி வச்சிருக்கீங்க, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா பயந்துட்டு இருக்கீங்க.

உடனே ஆமா இல்லன்னு சொல்ல வேண்டாம், "ஏன் சாமி, என்ன நினைச்சு கேட்ட"ன்னு திருப்பி கேளுங்க. சில பிள்ளைங்க கேக்கறது சாவ பத்தியே இருக்காது, ராத்திரி மூச்சு முட்டறத சொல்ல தெரியாம அப்படி கேப்பாங்க. நீங்க எழுதினதுல எனக்கு உறுத்தறது அதுதான், ராத்திரி முழிச்சிருக்கான்னு சொல்றீங்க. காலையில தலைவலி, பகல்ல தூங்கி வழியறது, சாப்பாடு இறங்காம இருக்கறது இருந்தா தூக்கத்துல மூச்சு பத்தலைன்னு அர்த்தம், இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க, மூச்சுக்கு உதவியா ராத்திரி முகத்துல மாட்டற பைபேப் மிஷின் வச்ச பிறகு நல்லா தூங்கி எழுந்து சண்டை போடற பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். அந்த மிஷினும் இதயத்துக்கான மாத்திரையும் சரியா கிடைச்சா இருபது முப்பது வயசு வரைக்கும் இருக்கறவங்க இப்ப நிறைய.

அவன் நேராவே கேட்டா பொய் சொல்லாதீங்க. "இது பெரிய நோய்தான், எப்ப என்னன்னு டாக்டருக்கே தெரியாது, எது வந்தாலும் நானும் அம்மாவும் உன் பக்கத்துலயே இருப்போம், வலிக்க விடமாட்டோம்." இவ்வளவு போதும். ஸ்வீடன்ல புற்றுநோயில பிள்ளைய இழந்த பெத்தவங்கள கேட்டு 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிள்ளைகிட்ட சாவ பத்தி பேசின 147 பேர்ல ஒருத்தர் கூட ஏன் பேசினோம்னு வருத்தப்படல, பேசாத 258 பேர்ல 69 பேர் பேசியிருக்கலாமேன்னு வருத்தப்பட்டாங்க. ஸ்வீடன்காரனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல இன்னும் மோசம், காரியம் முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சும் அந்த ஒரு பேச்சயே சொல்லி அழுத அப்பாக்கள் ரெண்டு பேர எனக்கு தெரியும்.

ஊத்தங்கரை வாசகர்: ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பான்னு ஒரு இடத்துல நாலு லட்சம் கேக்கறாங்க. மாந்தோப்ப அடமானம் வைக்கலாமா?

பதில்: வைக்காதீங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்ங்களுக்கு மட்டும்தான் ஸ்டெம் செல் சிகிச்சை, மத்ததெல்லாம் ஆராய்ச்சி, ஆராய்ச்சில சேத்துக்கிட்டா நோயாளிகிட்ட காசு வாங்கவே கூடாது. காசு கேட்டாங்கன்னாலே எழுந்து வந்துடுங்க.

அரூர் ஆசிரியை: என் வகுப்பு பையன் வீல்சேர்ல வந்துட்டு இருந்தான், இப்ப வர்றதில்ல. பேர எடுத்துடலாமான்னு ஸ்கூல்ல கேக்கறாங்க.

பதில்: எடுக்காதீங்க டீச்சர். கடுமையான பாதிப்பு இருக்கற பிள்ளை வீட்டுல இருந்தே படிக்கலாம், கல்வி உரிமை சட்டத்துல 2012லயே அத சேத்துட்டாங்க, வட்டார வள மையத்துல சொன்னா ஸ்பெஷல் எஜுகேட்டர் வீட்டுக்கு வருவாங்க. முதல்ல அவன் ஏன் வரலைன்னு போய் பாருங்க, பல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பாத்ரூம்தான் காரணம், ஸ்கூல்ல சறுக்குப்பாதை கட்டிட்டு டாய்லெட்டுக்கு ரெண்டு படி வச்சிருப்பாங்க, அந்த பையன் காலைல இருந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருப்பான். பசங்கள வாரம் ரெண்டு பேரா வீட்டுக்கு அனுப்புங்க, நோட்டு குடுக்கற சாக்குல கிரிக்கெட் பேசிட்டு வரட்டும்.

பென்னாகரம், பிளஸ் டூ மாணவி: தம்பிக்கு இந்த நோய். எங்க வீட்ல எல்லாமே அவனுக்குதான். என் பொறந்தநாள் யாருக்குமே ஞாபகம் இல்ல. சில நேரம் அவன் இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு தோணுது, உடனே என்னையே எனக்கு பிடிக்கல.

பதில்: கண்ணு, அப்படி தோணாத அக்கா தங்கச்சி யாருமே இல்ல, எனக்கு எழுதற தைரியம் உனக்கு இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நினைப்பு வந்ததால தம்பிக்கு எதுவும் ஆகாது, உன் பாசமும் குறைஞ்சு போகல. அம்மாகிட்ட "எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம் நீங்க வேணும், தம்பிய பத்தி பேசாம"ன்னு கேளு, கேக்க கூச்சமா இருந்தா இந்தப் பக்கத்த கிழிச்சு சாமி ரூம்ல வை. பரீட்சை நேரத்துல ராத்திரி அவன திருப்பிப் படுக்க வைக்கற வேலை உனக்கு வேண்டாம், அத அப்பா செய்யட்டும். மனசு ரொம்ப அழுத்தினா 14416க்கு போன் போடு, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசில்லாம தமிழ்ல பேசுவாங்க, எந்நேரமும். அப்புறம் அடுத்த கடுதாசில பொறந்தநாள் தேதி எழுது.

ஓசூர் வாசகி: கணவர் சிப்காட்ல வேலை. மகளுக்கு ஏழு வயசு, கேன்சர், இதுக்கு மேல கீமோ வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வலிக்கு மார்பின் சிரப் குடுத்திருக்காங்க. அது போதை மருந்து, அடிமையாயிடுவா, சீக்கிரம் போயிடுவான்னு எங்க மாமா சொல்றாரு. பாட்டில திறக்கவே பயமா இருக்கு, அவ ராத்திரியெல்லாம் முனகறா.

பதில்: திறங்கம்மா. இத படிச்ச உடனே திறங்க. டாக்டர் வலிக்குன்னு எழுதின அளவுல குடுத்தா அவ அடிமையாக மாட்டா, உயிரையும் அது குறைக்காது, வலியில தூங்காம சாப்பிடாம கிடக்கறதுதான் அவள தேய்க்குது. மாமா பயத்துக்கும் காரணம் இருக்கு, ரொம்ப வருஷம் அந்த மருந்த ஆஸ்பத்திரிங்களே வாங்கி வைக்க முடியாத மாதிரி சட்டம் கெடுபிடியா இருந்துச்சு, 2014ல அத திருத்தி லேசாக்கினாங்க, ஆனா ஜனங்க மனசுல பழசேதான் இருக்கு. அவர போன்ல டாக்டர்கிட்ட நேரா பேச வைங்க.

மணி பாத்து குடுக்கணும், அழுத பிறகு குடுக்கறதில்ல, வலி திரும்ப வர்றதுக்கு முன்னாடியே அடுத்த வேளை போயிடணும். மருந்தோட வர்ற அளவு சிரிஞ்சுலதான் எடுக்கணும், ஸ்பூன் கணக்கு வேண்டாம், பாட்டில மத்த பிள்ளைங்க கைக்கு எட்டாம பீரோல பூட்டி வைங்க. ஒவ்வொரு வேளையும் ஒரு நோட்டுல எழுதுங்க, எத்தன மணி, எவ்வளவு, அப்புறம் அவ தூங்கினாளா, விளையாட்டு சாமான் கேட்டாளான்னு. முதல் ரெண்டு நாள் தூங்கி வழிவா, வாந்தி வரலாம், அது பெரும்பாலும் தானா போயிடும். எழுப்பினாலும் எழுந்திருக்கலன்னாலோ மூச்சு ரொம்ப மெதுவா இருந்தாலோ அடுத்த வேளைய நிறுத்திட்டு உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. டாக்டர் நம்பர இப்பவே செவுத்துல எழுதி ஒட்டுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு தேடிட்டு இருக்கக் கூடாது. மலச்சிக்கல் மட்டும் தானா போகாது, அதுக்கு தனியா மருந்து வேணும், சீட்டுல இருக்கான்னு பாருங்க, எழுத மறந்துடறாங்க, இல்லன்னா காலைல முதல் வேலையா கேட்டு வாங்குங்க.