வாயில் சாதுவாக இருக்கும் கிருமி இதயத்தில் ஏன் நோயாகிறது?

வணக்கம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட உங்கள் தந்தைக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் எதற்கு, வாயில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா தீங்கற்றதுதானே என்று கேட்டிருந்தீர்கள்.

தீங்கற்றது என்பது அது வாழும் இடத்தைப் பொறுத்த சொல். பல்லின் மேல் படலமாக ஒட்டி வாழும் விரிடான்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈறு கிழியும்போது இரத்தத்தில் கலக்கிறது. பல் துலக்கும்போதுகூட இது நிகழ்வதுண்டு என்றாலும், பெரும்பாலானோரிடம் நோயெதிர்ப்பு அமைப்பு அதை விரைவில் அகற்றிவிடுகிறது. செயற்கை வால்வின் மேலோ இரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்னும் உறைவுப் புரத இழையும் சேர்ந்த மெல்லிய உறைவு படியக்கூடும். பல்லைப் பற்றிக்கொள்ள உதவும் அதே ஒட்டும் திறன் அந்த உறைவையும் பற்ற உதவுகிறது. அதனுள் புதைந்துவிட்ட கிருமியை வெள்ளணுக்கள் எளிதில் நெருங்க முடிவதில்லை. இதய உள்ளுறை அழற்சி இப்படித்தான் தொடங்குகிறது.

அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் இந்த முன்தடுப்பு மருந்தை மிகுந்த ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் எனச் சுருக்கியபோதும், செயற்கை வால்வு உள்ளவர்களை அதில் தக்கவைத்தது. சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் ஒரே வேளை தருவதே வழக்கம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அன்றாட ஈறுப் பராமரிப்பை இந்த முன்தடுப்பு மருந்தைவிட முக்கியமானதாகவே நான் கருதுகிறேன்.

அடுத்த சில வாரங்களில் காரணமறியாத காய்ச்சல் நீடித்தால், கைவசமுள்ள ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்காமல், முதலில் இதய மருத்துவரிடம் காட்டி இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும்) பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முந்திச் சாப்பிட்ட மாத்திரை அந்தப் பரிசோதனையில் கிருமியை மறைத்துவிடக்கூடும்.