போருக்கு நியாயம் எப்போது உண்டு?

கேள்வி: மதுரை காந்தி அருங்காட்சியகத்துக்குக் கல்லூரித் தோழிகளுடன் சென்று வந்த என் மகள், அங்கே வைத்திருக்கும் காந்தியடிகளின் இரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்ததிலிருந்து, நியாயமான போர் என்று உலகில் ஒன்று கிடையவே கிடையாது என்று வாதிடுகிறாள். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமனாரோ, 1971-ஆம் ஆண்டுப் போரைவிட நியாயமான காரியத்தை நம் நாடு செய்ததில்லை என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி ஐயா?
– ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: உங்கள் மாமனாரின் முடிவையே நானும் ஏற்கிறேன், அம்மா. ஆனால் காரணம் நல்லது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்குப் போய்ச் சேர முடியாது. உங்கள் மகள் எழுப்பும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். காந்தியடிகளும் இதில் ஒற்றை வரியில் தீர்ப்புச் சொன்னவர் அல்லர். கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் வன்முறையையே தாம் பரிந்துரைப்பதாகவும், ஆயினும் அகிம்சை அதைவிட எவ்வளவோ உயர்ந்தது என்றும் 1920 ஆகஸ்டில் ‘யங் இந்தியா’ இதழில் அவர் எழுதினார். அச்சத்தை மறைத்துக்கொள்ள அகிம்சையைப் போர்த்திக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய கவலை. இதை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

இனி 1971. அந்த ஆண்டு மார்ச் 25 இரவு, இன்றைய வங்கதேசமான அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் குடிமக்கள் மீதே கட்டவிழ்த்துவிட்ட கொடுமையால், ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி நம்மிடம் அடைக்கலம் புகுந்தனர். காரணம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, போர் மூளுவதற்கு முந்தைய எட்டு மாதங்களையும் அது முடிந்த பின்னான மூன்று மாதங்களையும்தான். அகதிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இந்தியா உலக நாடுகளிடம் முறையிட்டது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்திரா காந்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நேரில் சென்று நிலைமையை எடுத்துரைத்தார். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் மேற்கில் நம் விமானத் தளங்களைத் தாக்கின. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாளே மேற்கு முனையிலும் இந்தியா தானாக முன்வந்து சண்டையை நிறுத்தியது. 1972 மார்ச் மாதத்தில் நம் படைகள் வங்கதேசத்தை விட்டு வெளியேறின. வென்ற படை வென்ற மண்ணில் தங்கிவிடாமல் திரும்பியது உலக வரலாற்றில் அரிதாகவே காணக் கிடைப்பது.

உங்கள் மாமனாருக்குப் பிடிக்காத பக்கமும் இதற்கு உண்டு. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்கு நாம் முன்பே ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தோம். நவம்பர் பிற்பகுதியிலேயே நம் படைகள் எல்லையைக் கடந்திருந்தன. பாகிஸ்தான் பிளவுபடுவதில் நமக்கு ஆதாயமும் இருந்தது. ஐ.நா. சாசனம், தற்காப்பு, பாதுகாப்பு அவையின் ஒப்புதல் ஆகிய இரண்டைத் தவிர வேறெதற்காகவும் ஒரு நாடு படைபலத்தைப் பயன்படுத்த இடம் தருவதில்லை. டிசம்பர் 7 அன்று பொது அவையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கோரி வாக்களித்தபோது அதை எதிர்த்தவை 11 மட்டுமே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் போரை நான் நியாயம் என்றே சொல்வேன். ஆதாயம் சிறிதும் கலவாத அரசு ஒன்று வரட்டும் என்று காத்திருந்தால், செத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எவரும் வரப்போவதில்லை. நோக்கம் கலந்திருக்கும் என்பதனாலேயே, பேசிப் பார்த்தார்களா, வேலை முடிந்ததும் திரும்பினார்களா என்பதை நாம் கறாராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கேட்டால் 2003-இல் அமெரிக்கா தலைமையில் நடந்த ஈராக் படையெடுப்பு முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. பேரழிவு ஆயுதங்களைத் தேடிக்கொண்டிருந்த ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், பணியை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று பாதுகாப்பு அவையிலேயே சொன்னார். அந்த மாதங்களை அவருக்குக் கொடுக்கவில்லை. படையெடுத்த பிறகு தேடியபோது, சொல்லப்பட்ட ஆயுதக் குவியல்கள் கிடைக்கவும் இல்லை.

போரை எப்படி நடத்துகிறார்கள் என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்க நம் பாண்டிய நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளைப்பேறு இல்லாதவரும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு எய்யப் போகிறோம் என்று முன்னறிவித்துப் போரிடும் அறத்துக்காகப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் புலவர் நெட்டிமையார் பாராட்டுகிறார். மேடைகளில் இந்தப் பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15-ஆம் பாட்டை யாரும் எடுப்பதில்லை. தேர் ஓடிக் குழிந்த பகைவர் தெருக்களில் கழுதைகளைப் பூட்டி உழுது பாழாக்கியதும், பறவைகள் ஒலிக்கும் விளைவயல்களில் குதிரைக் குளம்புகள் பாயத் தேர் ஓட்டியதும், காவல் மிகுந்த குளங்களில் யானைகளை இறக்கியதும் அதில் புகழாக அடுக்கப்படுகின்றன. கண்மாய்த் தண்ணீரை நம்பி விளையும் நாட்டில் வயலும் குளமும் பாழானால் என்ன ஆகும் என்பதை மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னறிவிப்பைக் கேட்டு ஒதுங்கிப்போன அதே பெண்டிரும் பிணியாளரும்தான் திரும்பி வந்து பட்டினி கிடப்பார்கள். பயிரையும் குடிநீரையும் பாசன அமைப்புகளையும் மக்களைப் பட்டினி போடும் நோக்கத்தோடு அழிக்கக் கூடாது என்ற தடை, ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையில்தான் எழுத்தில் வந்தது. அந்த நெறிமுறையில் இந்தியா இன்னும் சேரவில்லை என்பது எனக்கு வருத்தமே.

ஆனையூரிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கும் மாவட்டத்தில் இதைப் பேசும்போது 2009-ஐத் தவிர்த்துவிட்டுப் போவது முறையாகாது. தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீது அரசுப் படை குண்டு வீசியது என்பதையும், தப்பி ஓட முயன்ற பொதுமக்களைப் புலிகள் தடுத்துச் சுட்டனர் என்பதையும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் என்று ஐ.நா. தலைமைச் செயலர் அமைத்த நிபுணர் குழு தன் 2011 அறிக்கையில் கூறியது. ஒரு தரப்பு நாட்டின் ஒருமைப்பாட்டைக் காரணமாகச் சொன்னது, மற்றது இனத்தின் விடுதலையைச் சொன்னது. இரண்டில் எதை நீங்கள் ஏற்றாலும், அந்தக் கடற்கரையில் சிக்கிக்கொண்ட மக்களுக்கு நடந்ததை அது நியாயப்படுத்தாது.

கேள்வி: என் மகன் ராணுவ ஆள்சேர்ப்புக்காகத் தினமும் ஓட்டப் பயிற்சி செய்கிறான். நாளை ஓர் அநியாயமான போருக்கு அனுப்பப்பட்டால் அந்தப் பாவத்தில் அவனுக்கும் பங்கு வருமா?
– ஒரு தந்தை, உசிலம்பட்டி.

பதில்: போர் தொடுக்கும் முடிவு அரசுடையது, அதற்கு வாக்களித்த, கைதட்டிய நம்மைப் போன்றவர்களுக்குச் சிப்பாயைவிட அதிகப் பங்கு உண்டு என்பதே என் எண்ணம். களத்தில் அவன் கை செய்வதற்கு மட்டும் வேறு யாரும் பொறுப்பேற்க முடியாது. மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று 2-ஆம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் தீர்ப்பாயம் முடிவு செய்தது. 1950-ஆம் ஆண்டின் நம் ராணுவச் சட்டமும், மேலதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறுவதையே குற்றம் என்கிறது.

வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நிராயுதபாணிகளான கிராமத்தாரைச் சுட்டுக் கொன்றபோது, ஹியூ தாம்ஸன் என்ற இளம் விமானி தன் ஹெலிகாப்டரைச் சிப்பாய்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவே இறக்கினார். அவர்கள் மக்களைச் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவினருக்குக் கட்டளையிட்டுவிட்டு, எஞ்சியிருந்த சிலரை உயிரோடு வெளியேற்றினார். நாடு திரும்பியபோது பலர் அவரைத் துரோகி என்றார்கள். அந்தச் செயலுக்குரிய பதக்கம் 1998-இல்தான் அவருக்குக் கிடைத்தது. உங்கள் மகனிடம் இதைச் சொல்வதானால், இடைப்பட்ட அந்த 30 ஆண்டுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.