பாலம் பார்த்து மயங்கும் மகளை சிவிலில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ, கணிதப் பிரிவு. கையில் போன் கிடைத்தால் பாலம், வானளாவிய கட்டடம், சுரங்கப்பாதை வீடியோதான். "சிவில் சேர்றேன், இல்லேன்னா ஆர்க்கிடெக்சர்" என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். பெண் பிள்ளை வெயிலில் சைட்டில் நிற்பாளா என்று எனக்கும் தயக்கம். என்ன செய்யட்டும்?

பதில்: வியப்பு வேறு, விருப்பம் வேறு சார். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைப் பார்த்தால் யாருக்குமே வாய் பிளக்கும். அதை நம்பி நாலைந்து வருடப் படிப்பை முடிவு செய்ய முடியாது. அவள் அதில் எதைப் பார்த்து நிற்கிறாள் என்பதுதான் முக்கியம்.

சிட்னி ஓபரா ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சோன் ஜெயித்தார். பாய்மரம் விரித்தது போன்ற அந்தக் கூரைகளைத் தாளில் வரைந்துவிட்டாரே தவிர, எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கட்டமைப்பு வேலையைப் பார்த்த ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் வருடக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். 1961 வாக்கில்தான் வழி பிறந்தது: எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக அமைப்பது. வளைவு எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால், விலா எலும்பு போன்ற கான்கிரீட் பாகங்களைத் திரும்பத் திரும்ப அதே அச்சுகளில் வார்க்க முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய வேலை, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சத்தில் வந்து நின்றது. நடுவில் 1966-லேயே உட்சோன் விலகிப் போய்விட்டார்.

இந்தக் கதையை மகளிடம் சொல்லுங்கள். "கடலோரத்துல பாய்மரம் மாதிரி வைக்கணும்னு எப்படித் தோணுச்சு, உள்ளே உட்காருறவங்களுக்கு எப்படி இருக்கும்" என்று அவள் மனம் போனால் ஆர்க்கிடெக்சர் பக்கம் பார்க்கலாம். "கோளத்துல வெட்டினா ஏன் அச்சு ஒண்ணே போதும்" என்று காகிதத்தை எடுத்தால் சிவில்.

உருவத்தை ஆர்க்கிடெக்ட் தருவார், சிவில்காரர் கம்பிக் கணக்கு மட்டும் போடுவார் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்காவில் 1929-ல் பிறந்து, கொல்கத்தா பக்கத்துச் சிப்பூர் பொறியியல் கல்லூரியிலும் பிறகு டாக்காவிலும் சிவில் படித்த ஃபஸ்லுர் கான்தான் உயரக் கட்டடங்களின் எலும்புக்கூட்டையே மாற்றியவர். சிகாகோவில் 442 மீட்டர் உயர சியர்ஸ் டவருக்கு ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தார். சில குழாய்கள் பாதியில் நின்றுவிடும், சில மேலே போகும். அந்தக் கட்டடத்தின் தோற்றமே அதுதான். புர்ஜ் கலீஃபாவிலும் மூன்று இறக்கைகள் நடுத்தண்டுக்கு முட்டுக் கொடுக்கின்றன. மேலே போகப் போக இறக்கைகள் சுழன்று சுழன்று உள்வாங்குவதால் காற்றின் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து கட்டடத்தை ஆட்டுவதில்லை.

இப்போது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. அப்டிட்யூட் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்துபாருங்கள். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் கூடத்தில் தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காவது மாடி நடைபாலமும், அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடி நடைபாலமும் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி மேல்பாலத்தின் வழியாக இறங்கிக் கீழ்ப்பாலம் வரை வரும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு நட்டை ஏற்றுவது சிரமம் என்று, ஒன்றுக்குப் பதில் இரண்டு கம்பிகளாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்தின் உத்திரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று. வரைபடத்தில் சின்ன மாற்றம், பொறியாளர் தரப்பில் ஒப்புதலும் ஆனது.

இந்த இரண்டு படத்தையும் வரைந்து காட்டி, "மேல்பாலத்துக்கு அடியில இருக்கிற நட்டு ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு எடையைத் தாங்க வேண்டியிருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்லிவிடாதீர்கள். ஒரே கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், மேலே இருப்பவர் இடுப்பைக் கீழே இருப்பவர் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கயிற்றுக்குப் பாரம் ஒன்றுதான், மேலே இருப்பவர் கைக்கு மட்டும் இரண்டு மடங்கு. அந்த நட்டுக்கும் அதேதான் ஆனது. சரியான விடை உடனே வராவிட்டால் பரவாயில்லை. அரைமணி நேரம் பேனாவும் கையுமாக உட்காருகிறாளா, இரண்டு நிமிடத்தில் அடுத்த வீடியோவுக்குப் போகிறாளா என்று பாருங்கள்.

சைட் பயத்துக்கு வருகிறேன். ஜம்மு காஷ்மீரில் 2025 ஜூனில் திறந்த செனாப் ரயில் பாலம் ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம், வளைவு மட்டும் 467 மீட்டர். செய்தியில் எல்லோரும் இரும்பைத்தான் காட்டினார்கள். ஆனால் உண்மையான தலைவலி, வளைவின் கால்கள் ஊன்றிய மலைச்சரிவு. பாறை முழுக்க விரிசல். முன்கூட்டியே எல்லாவற்றையும் வரைந்து முடிக்க முடியாமல், வெட்ட வெட்ட வெளிப்பட்ட பாறையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். அந்த வேலையில் 17 வருடம் ஆலோசகராக இருந்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) பேராசிரியர் மாதவி லதா. ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்றவர். எனவே பெண் பிள்ளை என்பது ஒரு காரணமே இல்லை. சிவிலுக்குள் மண், அடித்தளம் என்று தனிப் பிரிவு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சைட்டே வேண்டாம், டிசைன் ஆபீஸ் போதும் என்று மகளை நீங்கள் பழக்கிவிடவும் கூடாது. படித்து முடித்ததும் ஓரிரு வருடம் சைட்டில் நிற்பது நல்லது. தூண் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பியில் கட்டும் 40 மில்லிமீட்டர் கவர் பிளாக் தீர்ந்துபோனால், ஸ்லாபுக்கு வைத்திருக்கும் 20-ஐ எடுத்துக் கட்டிவிடுவார்கள். பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. கடற்கரை ஊராக இருந்தால் சில வருடத்தில் உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட் தோல் உரிந்து விழும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டதற்குக் காரணமும் அந்த உப்புதான். 72.5 மீட்டர் தூக்குப்பகுதி 17 மீட்டர் மேலே எழும்புவதைத்தான் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். துருவை யார் வீடியோ எடுக்கப் போகிறார்கள்!

சேரும் வழி. தமிழ்நாட்டில் பி.இ. சிவிலுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். கணிதத்தில் 88, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கினால் 88 + 40 + 42 = 170. கணிதத்தில் போகும் ஒவ்வொரு மார்க்கும் முழு மார்க் என்பதை இப்போதே அவள் காதில் போடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சுமாரான கல்லூரி கிடைக்கும் அதே கட்-ஆஃபில், சிவிலுக்கு நல்ல கல்லூரியே கிடைக்கும். மார்க் வரவே வராது என்று பயந்தால் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் உண்டு.

பி.ஆர்க். ஐந்து வருடம். அதற்கு நாட்டா என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். 200 மார்க்கில் 80 கையால் வரைவதற்கு. தரவரிசையில் பிளஸ் டூ மார்க்குக்குப் பாதி, நாட்டாவுக்குப் பாதி. திருச்சி என்ஐடி போன்ற இடங்களுக்கு ஜேஇஇ மெயினின் ஆர்க்கிடெக்சர் தாள். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லூரிக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்க முடியாது.

பெரிய பாலம், உயரக் கட்டடம் என்ற கனவுக்கு பி.இ. மட்டும் போதாது. கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி, கட்டமைப்புப் பிரிவான ஸ்ட்ரக்சுரலிலோ மண் பிரிவிலோ இரண்டு வருட எம்.டெக். தேவைப்படும். முதல் சம்பளம் ஐடி கம்பெனியில் சேர்ந்த தோழியுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த ஆறு வருடக் கணக்கை வீட்டில் இப்போதே பேசி முடியுங்கள். கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் தவணை எப்போது தொடங்கும், அதுவரை யார் கட்டுவது என்பதையும் சேர்த்து.

படிக்கும்போது பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் மென்பொருள். மூன்றாம் வருடத்தில் ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் என்று வகுப்பில் சேர்வார்கள், வண்ணப் படம் வரும், வேலை தெரிந்துவிட்டது என்று நினைப்பார்கள். 6 மீட்டர் உத்திரம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பாரம், இரண்டு பக்கமும் சும்மா சுவரில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் உத்திரத்தை வளைக்கப் பார்க்கும் விசையின் அளவு, அதாவது வளைவுத் திருப்புவிசை (பெண்டிங் மொமென்ட்), 20 × 36 ÷ 8 = 90 கிலோநியூட்டன் மீட்டர். மனக்கணக்கே போதும். திரையில் நடுவில் 30 என்று வந்தால், இரண்டு ஓரத்தையும் அசையாமல் இறுக்கியதாகத் தப்பாக கிளிக் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். 30-ஐ நம்பிக் கம்பி போட்டால் நடுவில் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கணினியைத் திறக்கும் முன் விடையைத் தாளில் எழுதும் பழக்கம் முதல் வருடத்திலேயே வரவேண்டும். வேலைக்கான நேர்காணலிலும் பெரும்பாலும் இந்த மாதிரி உத்திரத்தைத்தான் வரையச் சொல்வார்கள்.

கவுன்சலிங்குக்கு முன் நாலைந்து கல்லூரிகளுக்கு மகளை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பேருந்து, ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் போஸ்டர் எல்லாம் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் கான்கிரீட் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கம்பியை இழுத்துப் பார்க்கும் இயந்திரம் ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா? பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதற்குள் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கியூப்கள், சென்ற வாரத் தேதியும் மாணவர் பெயரும் பெயின்ட்டில் எழுதி, வலிமை பார்க்க 28-ம் நாள் உடைப்பதற்காக ஊறிக்கொண்டிருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் மேலே எழுதுங்கள். தொட்டி காய்ந்து கிடந்தால் அடுத்த கல்லூரிக்கு வண்டி ஏறுங்கள்.