கதை முடிந்த பிறகும் கதை கேட்கிறவர்களுக்கு: தொடர்ச்சி நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கத்தில் பல வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று கையில் கிடைத்த நாவலையெல்லாம் படித்தவள். புகழ்பெற்ற பழைய நாவல்களுக்கு வேறொருவர் பின்னாளில் எழுதும் தொடர்ச்சிகளைப் பற்றி என்னைக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (குவாத்ர் போர்ன்): டீச்சர், பொன்னியின் செல்வன் படம் இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் புத்தகம் ஐந்து பாகத்தையும் முடித்தேன். வந்தியத்தேவனை விட்டுப் பிரிய மனசு வரவில்லை. அடுத்து எதைப் படிப்பது?

முதலில் ஒன்று கேட்கிறேன், ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கும் முடிவுரையைப் படித்தீர்களா? நிறையப் பேர் கதை தீர்ந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை அது. அத்தனை வருஷம் கூடவே வந்த வாசகர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்காமல் விடமாட்டார்கள் என்று கல்கிக்குத் தெரியும். அதனால் முடிவுரையில் அவரே கேள்வியும் போட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறார். வந்தியத்தேவன் குந்தவை கல்யாணம் பற்றிய பதிலும் அதில் உண்டு. அதே 1954 டிசம்பரில் அவர் மறைந்துவிட்டார்.

நேரான தொடர்ச்சி வேண்டுமென்றால் விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி' இருக்கிறது. அவர் நீண்ட காலம் அமுதசுரபி ஆசிரியராக இருந்தவர், கல்கி விட்ட இடத்திலிருந்து உத்தம சோழர் காலத்துக்குள் போகிறார். பின்னாளில் அநுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். அதைப் படித்தால், பொன்னியின் செல்வனைத் திரும்பத் திரும்பப் படித்த ஒரு வாசகியே பேனாவைக் கையில் எடுத்தது போல இருக்கும். பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம், ராஜராஜர் தஞ்சைப் பெரிய கோயில் கட்டும் காலம். ஆனால் அது கல்கியின் தொடர்ச்சி இல்லை, அதே மனிதர்களை இவர் தன் கண்ணால் பார்க்கிறார். கல்கியின் சிரிப்பை அதில் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

என்னைக் கேட்டால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' படியுங்கள். ராஜேந்திரன் காலத்துக் கதை, 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. தொடர்ச்சி என்று அது சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அதில் வல்லவரையர் வந்தியத்தேவர் வயதான பெரியவராக வந்து நிற்கும்போது, குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்த அந்தப் பையன்தானே இவர் என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு தொடர்ச்சியிடம் நான் எதிர்பார்ப்பது அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

கேள்வி (மோக்கா): எழுத்தாளர் தானே தன் கதையை நீட்டினால் யாரும் குறை சொல்வதில்லை, அடுத்தவர் எழுதினால் மட்டும் ஏன் கோபம்?

எழுத்தாளரே நீட்டினாலும் கோபம் வரும் தம்பி. ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் அட்டிகஸ் என்ற வக்கீல் கறுப்பினத்தவர் ஒருவருக்காக வாதாடுவார். நியாயத்துக்கே அவர்தான் உருவம் என்று வாசகர்கள் நினைத்தார்கள். 2015இல் அதே ஆசிரியரின் 'கோ செட் எ வாட்ச்மேன்' வந்தது. உண்மையில் அது முதல் நாவலுக்கும் முன்னால் எழுதிய பிரதி, ஆனால் கதை நடப்பது இருபது வருஷம் கழித்து. அதில் வயதான அட்டிகஸ் இனப் பிரிவினையை ஆதரித்துப் பேசுகிறார். பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்திருந்த பெற்றோர்கள்கூட மனம் நொந்து போனார்கள். ஆக, யார் எழுதினார் என்பதைவிட, நான் நம்பிய மனிதரை என்ன செய்தீர்கள் என்பதுதான் வாசகரின் கேள்வி.

கல்கியிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. 'பார்த்திபன் கனவு' முதலில் வந்தது, அதற்கு முந்தைய காலத்துக் கதையான 'சிவகாமியின் சபதம்' பிறகு வந்தது. பார்த்திபன் கனவில் எல்லாம் அறிந்த பெரிய சக்கரவர்த்தியாக இருக்கும் நரசிம்மவர்மரை, காதலில் தோற்ற வாலிபராக அடுத்த நாவலில் பார்க்கிறோம். அதனால் முதல் நாவல் கெடவில்லை, ஆழம் கூடியது.

கேள்வி (போர்ட் லூயி): ஆதித்த கரிகாலன் கொலைக்கு ஒரு புது நாவலில் நாம் நினைக்கவே முடியாத ஒருவர் மேல் பழி போடுகிறார்களாமே! படிக்கவே கூடாது என்கிறார் என் அத்தை.

காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யார் மேல் பழி என்று இங்கே சொல்லமாட்டேன், படிக்காதவர்களுக்கு அது அநியாயம். அத்தையின் கோபம் எனக்குப் புரிகிறது, முதல் தடவை எனக்கும் கை நடுங்கியது. ஆனால் ஒன்று யோசியுங்கள். கொன்றது யார் என்பதைக் கல்கியே மூடுபனியில் விட்டுத்தான் போனார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களின் பெயரைச் சொல்கிறது, ஆனால் பின்னால் இருந்தது யார் என்று அதில் இல்லை. அவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது யாராவது உள்ளே நுழையத்தான் செய்வார்கள். அத்தையிடம் வாக்குவாதம் வேண்டாம். நீங்கள் படியுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): இதெல்லாம் சட்டப்படி சரியா? நான் ஒரு தொடர்ச்சி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதுங்கள்! கல்கியின் நூல்களைத் தமிழ்நாடு அரசு 1999லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டது, அந்தப் பக்கம் கவலை இல்லை.

பிரெஞ்சில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசேராப்ல்' 1862இல் வந்த நாவல். 2001இல் பிரான்சுவா செரேசா அதற்கு இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார், ஆற்றில் விழுந்து செத்த போலீஸ் அதிகாரி ஜாவேரை அதில் பிழைக்க வைத்துவிட்டார். ஹ்யூகோவின் வாரிசு பியர் ஹ்யூகோ வழக்குப் போட்டார். எங்கள் முன்னோரின் படைப்புக்கு மரியாதை வேண்டும் என்று. பிரெஞ்சுச் சட்டத்தில் ஆசிரியரின் தார்மீக உரிமைக்குக் காலக்கெடு கிடையாது, அதனால் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது, மேல்முறையீட்டில் ஒரு கட்டத்தில் வாரிசுகள் பக்கமே தீர்ப்பும் வந்தது. கடைசியில் 2007இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம், உரிமைக் காலம் முடிந்த படைப்புக்குத் தொடர்ச்சி எழுதுவதை அப்படியே தடுக்க முடியாது என்று சொன்னது. அமெரிக்காவில் வேறு மாதிரி. 'தி கேச்சர் இன் த ரை' எழுதிய சாலிஞ்சர், உயிரோடிருக்கும்போதே 2009இல், தன் நாவலுக்கு ஒருவர் எழுதிய தொடர்ச்சியை அங்கே வெளிவராமல் தடுத்துவிட்டார். ஆகவே உரிமைக் காலம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், மனசாரப் படிப்பேன்.

கேள்வி (வக்வா): விமர்சகர்கள் திட்டுகிறார்கள், ஆனால் புத்தகம் விற்றுத் தீர்கிறது. எது உண்மை?

இரண்டும். 'கான் வித் தி விண்ட்' 1936இல் வந்தது, ஸ்கார்லெட்டைக் கணவன் விட்டுப் போவதோடு முடியும். தொடர்ச்சி எழுத மார்கரெட் மிட்செல் சம்மதிக்கவே இல்லை. 1991இல் அலெக்சாண்ட்ரா ரிப்ளி 'ஸ்கார்லெட்' எழுதினார், லட்சக்கணக்கில் விற்றது, விமர்சகர்கள் கிழித்தெடுத்தார்கள். நானும் ஒரே மூச்சில் படித்தேன். பிரிந்தவர்கள் சேரவேண்டும் என்ற ஆசையில் வாங்கினேன், சேர்ந்தார்கள், மூடி வைத்தேன், திரும்ப எடுக்கவே தோன்றவில்லை. மூல நாவலில் அவன் வாசலைத் தாண்டிப் போகிற இடத்தை மட்டும் இன்னும் எடுத்துப் படிக்கிறேன்.

கேள்வி (பாம்பிள்மூஸ்): தொடர்ச்சி வராமல் ஆசிரியரால் தடுக்க முடியுமா?

செர்வான்டஸ் முயன்றார். 'டான் குயிக்சாட்' முதல் பாகம் 1605இல் வந்தது, 1614இல் புனைபெயரில் ஒருவர் போலி இரண்டாம் பாகம் எழுதிவிட்டார். மறுவருஷமே செர்வான்டஸ் தன் சொந்த இரண்டாம் பாகத்தை வெளியிட்டு, அதில் அந்தப் போலியைக் கதைக்குள்ளேயே கண்டித்து, கடைசியில் நாயகனைச் சாகவும் வைத்துவிட்டார்.

கேள்வி (கியூர்ப்பிப்): மூலத்தைவிட உங்களுக்கு அதிகம் பிடித்த தொடர்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் அது பின்கதை இல்லை, முன்கதை. 'ஜேன் அயர்' 1847இல் வந்த நாவல். அதில் ரோச்செஸ்டர் என்ற கனவானின் மாடியறையில் ஒரு பைத்தியக்காரப் பெண் அடைபட்டுக் கிடப்பாள். அவர் ஜமைக்காவிலிருந்து கல்யாணம் செய்து கூட்டிவந்த மனைவி. நாவல் முழுக்க அவள் பேசுவதே இல்லை, உறுமுகிறாள், சிரிக்கிறாள், நெருப்பு வைக்கிறாள். டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அந்தப் பெண்ணின் வாயைத் திறந்தார். அவளுடைய உண்மைப் பெயர் ஆன்ட்வானெட், கணவன்தான் அவளை பெர்த்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறான்.

பெயர் மாற்றும் அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். முத்துசாமி மூத்தூசாமி ஆன தீவு இது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தைத்தான் இன்றைக்கும் நம் அடையாள அட்டையில் சுமக்கிறோம். கரும்புத் தோட்டமும் கிரியோல் பேச்சும் உள்ள நமக்கு அந்த நாவல் லண்டன்காரர்களைவிட நெருக்கம். அதைப் படித்த பிறகு என்னால் 'ஜேன் அயர்' நாவலைப் பழையபடி படிக்க முடியவில்லை, மாடிப்படி வரும்போதெல்லாம் மேலே இருப்பவளைத்தான் நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கூட்ஸி 1986இல் 'ஃபோ' எழுதியபோதும் இதையே செய்தார், ராபின்சன் குருசோவின் ஃப்ரைடே அதில் நாக்கு இல்லாதவன். இந்த இரண்டும் நிலைத்து நிற்கின்றன. முடிவை மாற்ற எழுதிய தொடர்ச்சிகளைவிட, மூலத்தில் பேசவிடாமல் வைத்தவர்களைத் தேடிப் போன தொடர்ச்சிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கேள்வி (மறுபடி பெயர் வேண்டாம் என்றவர்): நான் எழுதுவது 'போல் எ விர்ஜினி' என்ற பிரெஞ்சு நாவலுக்குத் தொடர்ச்சி, தமிழில். விர்ஜினிதான் கப்பலோடு செத்துவிட்டாளே, எங்கிருந்து ஆரம்பிப்பது?

அடடா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 1788இல் வந்த கதை, நம் தீவுக் கதை, கியூர்ப்பிப்பில் சிலையே இருக்கிறது. சேன் ஜெரான் கப்பல் உடைந்தது 1744இல். விர்ஜினியைப் பிழைக்க வைக்காதீர்கள், யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

கதையில் ஒரு இடம் நினைவிருக்கிறதா? தப்பி ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தி பசியோடு விர்ஜினியிடம் வருகிறாள். பிள்ளைகள் இரண்டு பேரும் இரக்கப்பட்டு அவளை ரிவியேர் நுவார் பக்கம் எஜமானனிடமே திரும்பக் கூட்டிப்போய் மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். பிறகு அவர்கள் வீட்டு அடிமை தொமேங் வந்து சொல்கிறான், அவளைக் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிக் கட்டையில் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள் என்று. அதோடு அவள் கதையிலிருந்து போய்விடுகிறாள், பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நாவலில் வரும் கவர்னர் லாபூர்தொனே உண்மை மனிதர், 1735இல் இங்கே வந்தவர். போர்ட் லூயியைக் கட்டப் பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்ததும் அவர்தான். போலும் விர்ஜினியும் ஓடி விளையாடிய அதே வருஷங்களில் நம் ஆட்கள் இங்கே கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அந்த நாவலின் கதையில் அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. ஒரு தமிழ்க் கொத்தன் ரிவியேர் நுவார் பக்கம் வேலைக்குப் போகிறான், அந்தப் பெண்ணைச் சங்கிலியோடு பார்க்கிறான். முதல் அத்தியாயம் அங்கே ஆரம்பிக்கட்டும். முதலில் அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள்.