வீட்டில் பவளத் தொட்டி: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில், நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டியை முழுத் தொகுப்பாக அமைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கண்ணாடித் தொட்டி, விளக்கு, கடற்பாறை, ஆறு வகை உயிர்ப் பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய். காலையில் வேலையைத் தொடங்கினால் மாலைக்குள் மீன் நீந்தும் என்கிறார்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இந்த வடிவில் கொடுக்க வேண்டாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சட்டம் சார்ந்தது; கடையில் பெரும்பாலும் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பவளப்பாறைகளை உருவாக்கும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்ட பிறகும் அவை முதல் அட்டவணையிலேயே இருக்கின்றன. கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் அதே அட்டவணையில்தான் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்புதான் இவற்றுக்கும். குற்றம் உறுதியானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. விற்பவருக்கு மட்டுமல்லாமல், வாங்கி வீட்டில் வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை நீங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

'இது கடலில் எடுத்ததல்ல, தொட்டியில் துண்டு வைத்து வளர்த்தது' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அட்டவணை இனத்தைத்தான் சொல்கிறது. கடலில் வளர்ந்ததா, தொட்டியில் வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்லவில்லை. 'வெளிநாட்டிலிருந்து வந்தது' என்றால், கல் பவளங்கள் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் பட்டியலிலும் இருப்பவை என்பதால், அனுமதி ஆவணங்கள் இருந்தே தீர வேண்டும். அவற்றின் நகலை வாங்கி, வனத்துறையின் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெறாமல் ஒரு துண்டுப் பவளத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நுகர்வோர் என்ற முறையில் இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: சட்டம் தடுத்துள்ள பொருளுக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது. நாளை பவளம் வெளுத்துச் செத்துப்போனால், கொடுத்த பணத்தைக் கேட்டு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நீங்கள் நிற்க முடியாது.

தொகுப்பில் உள்ள கடற்பாறையையும் இதே கண்ணோடு பாருங்கள். 'உயிர்ப் பாறை' என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இறந்த பவளத்தின் எலும்புக்கூடு. உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் அது அதே அட்டவணைக்குள்தான் வரும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலைத் தடுப்பு குறைந்து, அங்கே இரண்டு சிறு தீவுகளே நீருக்குள் மூழ்கிவிட்டன. ஒரு கூடத்தின் அழகுக்காக அந்தக் கடலிலிருந்து இன்னும் ஒரு கூடைப் பாறையை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. களிமண்ணைச் சுட்டுச் செய்த பாறைகளும் சிமெண்டில் வார்த்த பாறைகளும் கிடைக்கின்றன. அவற்றின் நுண்துளைகளிலும் நல்ல பாக்டீரியா குடியேறும். சில மாதங்களில் இளஞ்சிவப்புப் பாசி படிந்து, இயற்கைப் பாறையைப் போலவே ஆகிவிடும்.

இரண்டாவது காரணம் 'மாலைக்குள் மீன்' என்ற வாக்குறுதி. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் பெருகுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் காலம் குறையலாம். ஆனால் சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை எந்த மீனையும் விடக்கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்பவர், உங்கள் மீன் சாகும் நேரத்தில் பணத்தை முழுவதும் வாங்கி முடித்திருப்பார்.

ஆகவே தொகுப்பைப் பிரித்து வாங்குங்கள். தொட்டி, பம்பு, புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), விளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி விலையும் உத்தரவாதக் காலமும் குறித்த பில் கேளுங்கள். மீன் பின்னால் வரட்டும். கோமாளி மீனாக இருந்தால், கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் இந்த மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீன் உலர் தீவனத்தையும் தயங்காமல் தின்னும். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான வகைகள் முதல் அட்டவணையில் பெயர் சொல்லி வரவில்லை என்றாலும், அவை எங்கிருந்து வந்தன என்ற ஆவணம் இல்லாமல் அவற்றையும் வாங்க வேண்டாம். முதல் ஓராண்டுக்கு மீன்களும் இறாலும் செயற்கைப் பாறையும் போதும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். காசிமேட்டுக் கடல் நடந்து போகும் தூரம். அங்கிருந்து கேனில் நீர் கொண்டுவந்தால் போதாதா? உப்புக்கும் ஆர்.ஓ. நீருக்கும் ஏன் செலவழிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. ஆழ்கடலில் தூய்மையான இடத்திலிருந்து எடுத்த நீரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் டீசலும் கழிவும் கலக்கின்றன. வடக்கே எண்ணூர் வரை நீளும் கரையின் வரலாறு உங்களுக்கே தெரியும்: 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுவதும் ஒதுங்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி மீனவர்களின் பிழைப்பையே கெடுத்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் உலோகங்கள் இருக்கலாம். அதிலும் செம்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மேலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கலப்பதால் கரையோரக் கடலின் உப்பு அளவே குறைந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கரை நீர் வேண்டாம்.

உப்பைக் கலக்கும் நன்னீரைப் பற்றியும் கவனம் தேவை. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கி வட சென்னைக்கு வழங்கும் மெட்ரோ நீரானாலும், புழல் ஏரி நீரானாலும், குளோரின் சேர்த்தே குழாய்க்கு வருகிறது. அடிபம்பிலும் போர்வெல்லிலும் வரும் நீரில் இரும்பும் நைட்ரேட்டும் இருக்கக்கூடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் கேன் தண்ணீரும் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் குடிப்பதற்கு ஏற்றவாறு அவற்றில் தாதுக்கள் விட்டுவைக்கப்படுகின்றன, சிலவற்றில் சேர்க்கவும் படுகின்றன. தொட்டிக்குத் தேவையானது, ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனி நீக்கும் பிசின் வழியாகவும் சென்று, டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்துள்ள பொருட்களின் அளவைக் காட்டும் கருவி) பூஜ்யம் காட்டும் நீர். கடையில் 'சுத்தமான ஆர்.ஓ. நீர்' என்று விற்றால், உங்கள் மீட்டரை எடுத்துச் சென்று அங்கேயே அளந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அதைக் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

சமையல் உப்போ கல் உப்போ கடல் உப்புக் கலவைக்கு ஈடாகாது. கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை மூன்றும் சேர்ந்த கலவைதான் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்ற கணக்கில், உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை வர வேண்டும். 300 லிட்டர் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக உப்பு செலவாகும். முதலில் நிரப்புவதற்கு மட்டும் 11 கிலோ அளவில் தேவை. பெரிய மூட்டையைப் பிரித்துப் பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பொட்டலமிட்ட பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், நிகர எடையும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை அளவியல் விதி. ஈரம் பட்டுக் கட்டியான உப்பில் கலவை சீராக இராது.

ஒன்று மறக்கக்கூடாது: தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. அன்றாடம் குறையும் அளவை நன்னீரால் மட்டுமே ஈடு செய்யுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். கோடையில் தொட்டியைக் குளிர்விக்கச் சில்லர் கட்டாயமா? மின்விசிறி போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மின் கட்டணமும் கவலையாக இருக்கிறது.

பதில்: இந்தத் தொட்டிக்கு நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சில வாரங்கள் தொடர்ந்து சூடு மிகுந்தால் கடலிலேயே பவளம் வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படித்தான் நிகழ்ந்தது. மே மாதத்தில் நம் வீட்டுக் கூடத்தின் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொடும்போது, விளக்கும் பம்பும் சேர்ந்து தொட்டி நீரை அதற்கும் மேல் சூடாக்கும். நீரின் மேல் விசிறி வைத்தால் ஆவியாதல் மூலம் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் திருவொற்றியூரில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. குளிர்சாதனம் நாள் முழுவதும் ஓடும் அறையாக இல்லாவிட்டால், சில்லர் தேவை.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள லிட்டர் அளவை மட்டும் நம்பாதீர்கள். எந்த அறை வெப்பத்தில், எத்தனை டிகிரி குறைக்கும் என்பதே கேள்வி. 34 டிகிரி அறையில் 26க்குக் கொண்டுவருமா என்று எழுதி வாங்குங்கள். சில்லர் தொட்டியின் சூட்டை வெளியே தள்ளும் கருவி என்பதால், மூடிய அலமாரிக்குள் வைத்தால் வீணாக ஓடிப் பழுதாகும்.

கட்டணத்தை நீங்களே கணக்கிடலாம். 200 வாட் சில்லர் ஒரு நாளில் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 100 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 48. எல்லாப் பம்புகளும் சேர்ந்து 50 வாட் என்றால் 72. மொத்தம் 264 யூனிட், உங்கள் தற்போதைய அளவுக்கு மேல். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமும் உயரும் என்பதால், பழைய மின் அட்டையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மின்தடையின்போது பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீன் அதற்குத்தான் முதலில் தவிக்கும்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் முதல் மாடி, மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடு. நான்கடித் தொட்டி வைக்கலாமா?

பதில்: நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 450 லிட்டருக்கு மேல் கொள்ளும். நீர், கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டும். மரச்சட்டத்தில் நிற்கும் பழைய தளத்தில், கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்க வேண்டாம். தரைத்தளத்தில் இடம் இல்லையென்றால், மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அது 190 லிட்டர்.

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். 4,500 ரூபாய்க்கு வாங்கிய கடல் மீன் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. 'உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது' என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி விற்கப்படும் அசையும் பொருள் எதுவானாலும் சரக்குதான், மீனும் அதில் அடங்கும். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே.

ஆனால் குறை விற்கும்போதே இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். கடினமான பகுதி இதுதான். உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகளோ, வேகமாக மூச்சு வாங்குவதோ வாங்கிய அன்றே தெரிந்திருந்தால், அந்தப் படமும் காணொளியும் உதவும். உங்கள் தொட்டியில் அம்மோனியா பூஜ்யம் என்பதைக் காட்டும் சோதனைப் படமும், யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திய பதிவும் வேண்டும். இவை இருந்தால் முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் பலனில்லை என்றால், வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவே மனு அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். ஒரு மீனுக்காக ஆணையம் வரை செல்வது உங்கள் நேரத்துக்கு ஈடாகுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கசியும் தொட்டி, ஓடாத சில்லர் என்றால் தயங்காமல் செல்லுங்கள்.

அடுத்த மீனை வாங்கும்போது அது கடைக்கு என்று வந்தது என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லுங்கள்; தின்னாத மீனை எடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைக்கச் சம்மதிப்பவரிடம் வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பாறை இல்லாத தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனியுங்கள். நோய் தென்பட்டால் அங்கேயே செம்பு மருந்து கொடுக்கலாம். பெரிய தொட்டியில் அதைக் கலந்தால் இறாலும் நத்தையும் இறந்துவிடும்.