வாழைக்குருத்து நிறமும் வீட்டுச் சுவர்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரையும் தேக்குத் தூண்களும் இருக்கின்றன. மஞ்சளும் பச்சையும் கலந்த, வாழைக்குருத்து போன்ற ஒரு நிறத்தை என் மகள் ஷேட் கார்டிலிருந்து தேர்ந்தெடுத்து, நான்கு சுவர்களுக்கும் அதையே அடிக்க வேண்டும் என்கிறாள். சிவப்புத் தரைக்கு இது பொருந்துமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நிறம் பொருந்தும், கார்டில் பார்த்த அதே ஷேட் பொருந்தாது. கார்டில் இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கும் ஒரு நிறம் நான்கு சுவர்களுக்கும் ஏறும்போது, ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தை ஏந்திக்கொண்டு எதிர்ச்சுவரில் விழுகிறது; அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. இவ்வாறு மாறி மாறி விழுவதால், அறைக்குள் நிற்பவருக்கு நிறம் கார்டில் இருந்ததைவிட அழுத்தமாகத் தெரியும். எல்லா நிறங்களுக்கும் இது உண்டு என்றாலும், மஞ்சள்பச்சையில் கூடுதலாக உறுத்தும். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை. அது மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடம். ஆகவே உங்கள் மகள் தேர்ந்தெடுத்த ஷேட் இருக்கும் அதே வரிசையில் இரண்டு படி வெளிர்ந்ததை, அதிலும் பளிச்சென்று இல்லாமல் சற்று மண்சாயல் உள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சிவப்புத் தரையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தால் ஒன்றை மற்றொன்று தூக்கிக் காட்டும். பாரிஸ் நகரத்தின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கவைக்கின்றன என்று கண்டறிந்தார். 1839இல் அதை விரிவாக எழுதியும் வைத்தார். உங்கள் கூடத்திலும் அதே கணக்குதான் நடக்கும். நல்ல பச்சையை அடித்தால் தரை இன்னும் சிவக்கும்; இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும். மஞ்சள் மிகுந்து பச்சை குறைந்த ஷேட்டாக இருந்தால் அந்தப் போட்டி தணியும். தேக்கின் பழுப்பிலும் மஞ்சள் கலந்திருப்பதால் தூண்களும் சுவரோடு இணங்கிப் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் மேல்தளத்துக்கும் மாடங்களுக்கும் சுண்ணாம்பில் நீலம் போட்டு அடிக்கும் வழக்கம் உண்டு. அந்த நீலம் கலந்த வெள்ளை, வாழைக்குருத்து நிறத்தின் பக்கத்தில் வந்தால் சுவர் அழுக்கேறியதுபோலத் தோன்றும். அங்கெல்லாம் இளமஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையே நல்லது.

முடிவெடுக்கும் முன், அந்த நிறத்தில் மிகச் சிறிய டப்பா ஒன்றை வாங்கி, பெரிய கெட்டி அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் நான்கு விரல் வெள்ளை விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். பழைய சுவரின் மேலேயே அடித்துப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை. சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். அட்டையைத் தரையை ஒட்டி ஒருமுறையும், தூணுக்குப் பக்கத்தில் ஒருமுறையும் வைத்து, கூடத்தில் நீங்கள் அதிகம் இருக்கும் வேளைகளில் பார்த்தால் போதும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சாப்பாட்டு அறைக்கு இதே போன்ற நிறம் அடித்தோம். பகலில் அழகாக இருக்கிறது. இரவில் விளக்குப் போட்டதும் சுவர் வெளிறிய பச்சையாகிவிடுகிறது; உட்கார்ந்திருப்பவர்களின் முகம்கூட நோயாளி முகம்போலத் தெரிகிறது. வேறு நிறம் அடித்துவிடலாமா?
— வாசகர், சென்னை

பதில்: பெயின்டரை அழைப்பதற்கு முன் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அதன் மீது 6500 கே (K) என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்; ஒளியின் சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவு அது, எண் கூடக்கூட நீலம் கூடும். 6500 என்றால் நீலம் மிகுந்த வெள்ளை ஒளி; சுவரிலிருக்கும் மஞ்சளை அமுக்கிப் பச்சையை முன்னே தள்ளும். அந்தச் சுவரில் பட்ட ஒளிதான் முகத்திலும் விழுகிறது. 2700 முதல் 3000 கே வரையுள்ள எல்இடி பல்புகளைப் போட்டால் மஞ்சள் மீண்டும் எழும்பும். நிறங்களை இயல்பாகக் காட்டும் தன்மையைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், இலையில் இருக்கும் சோறும் குழம்பும் அவற்றுக்குரிய நிறத்தில் தெரியும். இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு, மறுபடி பெயின்ட் அடிக்கும் கூலியில் ஒரு சிறு பங்குகூட இராது.

கேள்வி: வடக்குப் பார்த்த படிக்கும் அறைக்கு இந்த நிறம் ஏற்றதா?
— வாசகி, மதுரை

பதில்: ஏற்றதுதான். சித்திரை தொடக்கம் முதல் ஆவணி வரை உங்கள் ஊரில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் எட்டும். மற்ற மாதங்களில் வானத்தின் நீலம் கலந்த வெளிச்சமே வரும். அந்த வெளிச்சத்தில் சுவர் கார்டில் இருப்பதைவிடப் பச்சையாகத் தெரியும். ஆகவே மஞ்சள் தூக்கலான ஷேட்டை எடுங்கள்.

கேள்வி: பச்சைப் பெயின்டில் விஷம் உண்டு, குழந்தை இருக்கும் அறைக்கு ஆகாது என்று என் மாமியார் தடுக்கிறார். உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. சுவீடனைச் சேர்ந்த ஷீலே 1775இல் உருவாக்கிய மஞ்சள் சாயல் கொண்ட பச்சை நிறமியில் ஆர்சனிக் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவரில் ஒட்டும் தாள்களுக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு பெயின்ட்களில் மஞ்சளுக்காகச் சேர்த்த குரோம் மஞ்சள் என்பது ஈயம் கலந்த பொருள். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அதற்கான குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

இனி அடிக்கப்போகும் பெயின்டைவிட, ஏற்கெனவே இருக்கும் பெயின்டைப் பற்றியே நான் அதிகம் எச்சரிப்பேன். பழைய கதவு, ஜன்னல் கம்பிகளில் உள்ள எனாமலை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தை அந்தப் பக்கம் வரவேண்டாம்.

கேள்வி: இரண்டு கோட் போதும் என்று கடைக்காரர் சொன்னார். பெயின்டரோ இந்த நிறத்துக்கு மூன்று கோட் வேண்டும் என்கிறார். கூலியை ஏற்றப் பார்க்கிறாரா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அடியில் உள்ளதை நன்றாக மறைப்பது வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு. பளிச்சென்ற மஞ்சள், மஞ்சள்பச்சை ஷேட்களில் அது குறைவு. அவற்றிலுள்ள மஞ்சள் நிறமிகளுக்கோ மறைக்கும் திறன் கம்மி. பழைய சுவர் நீலமாகவோ அடர்ந்த வேறு நிறமாகவோ இருந்தால் இரண்டு கோட்டில் அது மேலே எட்டிப் பார்க்கும். முதலில் பட்டி பார்த்து வெள்ளைப் பிரைமர் ஒரு கோட் முழுமையாக அடிக்கச் சொல்லுங்கள். வெளிர் ஷேட் என்றால் அதன்மேல் இரண்டே போதுமானதாகிவிடும். புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் கோட் கணக்கை இப்போது பேசாதீர்கள். குறைந்தது 28 நாட்கள் சுவர் ஆறி, ஈரம் போன பிறகே வேலையைத் தொடங்கலாம். ஈரம் காயாத புதுச் சுவரிலுள்ள காரம் இந்த நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைத்துவிடும்.