மின்நூலைக் காசு கொடுத்து வாங்கினால் அது நமக்குச் சொந்தமா?

பெரும்பாலும் இல்லை. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது பல தளங்களில் நமக்குக் கிடைப்பது நூல் அல்ல, அதைப் படிப்பதற்கான அனுமதி மட்டும்தான். இதை உரிமம் என்பார்கள்.

சரி, அச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு யாருக்கும் விற்கலாமே, இதற்கு மட்டும் ஏன் தடை? பதிப்புரிமை என்பது ஒரு படைப்பை நகலெடுக்கவும் பரப்பவும் படைத்தவருக்கு உள்ள உரிமை. அச்சுப் பிரதியைக் கைமாற்றினால் அது உங்களை விட்டுப் போய்விடும், புதிதாக ஒரு நகல் பிறப்பதில்லை. மின்நூல் கோப்பை அனுப்பினாலோ அது உங்களிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும், தேயாமல் கசங்காமல் முதல் பிரதி போலவே இருக்கும், அடுத்த நிமிடமே ஆயிரம் பேருக்குப் போகவும் முடியும். இப்படி மின்நூலுக்குப் பழசு என்று ஒன்றே கிடையாது என்பதால், பழைய மின்நூல்களை விற்க பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019-ல் தீர்ப்பளித்தது.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் கையில் இருக்கும், நிம்மதியாகக் குடியிருக்கலாம், ஆனால் வீட்டை விற்க முடியாது. என்னைக் கேட்டால், 'வாங்கு' என்று போடாமல் 'படிக்க அனுமதி பெறு' என்று போடுவதே நேர்மை. பணம் கட்டும் முன் விதிமுறைகளில் 'உரிமம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பதிப்புரிமைக் குறி (©) இல்லாத கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் குறியோ பதிவோ இல்லாமலேயே அந்த உரிமை தானாக வந்துவிடும்.